சொந்தக் கையெழுத்தில் மூன்று கடிதங்கள்

ஓசூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். மனநலப் பாடம் என்னுடையது. அதிலும் மறதி நோய் பற்றிய பகுதியை என்னைப் போல இந்த வட்டாரத்தில் யாரும் நடத்த முடியாது என்று ஒரு காலத்தில் எனக்கு நினைப்பு. கரும்பலகையில் மூளையை வரைந்து, எந்த இடம் சுருங்கினால் என்ன போகும் என்று கலர் சாக்பீஸால் காட்டுவேன். முதலில் பெயர் போகும், பிறகு வழி போகும், கடைசியில் சோற்றை விழுங்குவதுகூட மறந்து போகும் என்பேன். மாணவிகள் தலை நிமிராமல் எழுதிக்கொள்வார்கள். மணி அடித்ததும் டஸ்டரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்கிறாரென்று புருஷனைத் திட்டுவேன்.

அந்தப் புருஷனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். என்னைப் பற்றியும்தான். அவரைப் பற்றி எழுதினால் என்னை விட்டுவிட முடியாது.

அவர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தார். வண்டி இன்ஜினுக்குள் போகிற சின்னச் சின்ன உருளைகளை அங்கே செய்வார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளை இருக்கும். அந்தத் துளை சரியா என்று பார்க்க கேஜ் என்று ஒரு கருவி உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறு முனை போகக் கூடாது. போகக் கூடாத முனையும் போய்விட்டால் துளை பெரிது, ரிஜெக்ட். இருபத்தாறு வருடம் அவர் செய்த வேலை இதுதான். அவர் கை பட்டுப் போன பெட்டி திரும்பி வராது என்று லைனில் பேச்சு. கம்பெனி விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். எங்கள் ஹாலில் அது இன்னும் ஓடுகிறது.

கல்யாணமான புதிதில் அவரோடு காய்கறி வாங்கப் போவது பெரிய தண்டனை. ஒவ்வொரு தக்காளியையும் எடுத்து, திருப்பி, காம்பைப் பார்த்து, இரண்டு குவியலாகப் பிரிப்பார். கடைக்காரர் முறைப்பார். "இது கம்பெனி இல்லீங்க, உழவர் சந்தை" என்று நான் இழுத்துக்கொண்டு வருவேன். அவருக்குக் கோபம் வராது. "தப்பானதை விட்டுட்டா தூக்கம் வராதும்மா" என்பார்.

ஐம்பத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. காலையில் ஓசூரில் எங்கே பார்த்தாலும் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். ஒருநாள் அவர் வேறொரு கம்பெனி பஸ்ஸில் ஏறி, அந்தக் கம்பெனி கேட்டில் போய் இறங்கியிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஷிப்ட் மாறியதால் தூக்கக் கலக்கம் என்று நான் முடிவு செய்தேன். இன்னொரு நாள் செருப்பை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் தேடினார். டென்ஷன் என்றேன். பேசிக்கொண்டே இருக்கும்போது வார்த்தை கிடைக்காமல் "அது, அது" என்று விரலைச் சொடுக்குவார். சர்க்கரை கூடியிருக்கும் என்றேன். படித்தவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

ஒரு மாலை அவர் வாசலில் வந்து நின்றதும் நான் கிட்டே போய் வாயை முகர்ந்து பார்த்தேன். வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷன். என்ன செய்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. அசையாமல் நின்று, வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

கொஞ்ச நாளில் ஒரு பெட்டி திரும்பி வந்தது. அவர் பார்த்து, முத்திரை போட்டு அனுப்பிய பெட்டி. உள்ளே இருந்த அத்தனையும் துளை பெரிது. கம்பெனிகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். டைப் அடித்தது செல்லாது, சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும். "எழுதிக் குடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சுதுண்ணா" என்று சூப்பர்வைசர் பையன் சொல்லி அனுப்பியிருக்கிறான். சட்டைப் பையில் ஒரு வெள்ளைத்தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு வந்தார்.

நான்தான் வாசகம் தயார் செய்தேன். கல்லூரியில் எத்தனை மன்னிப்புக் கடிதம் வாங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, என்னுடைய கவனக்குறைவால் இத்தவறு நேர்ந்துவிட்டது, இனி இவ்வாறு நடக்காது என்று உறுதி கூறுகிறேன். அவர் அதைப் பார்த்து எழுத வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

"கவனக்குறைவுன்னு ஏம்மா எழுதணும்? நான் கவனமாத்தான் பாத்தேன்."

"அப்புறம் பெட்டி ஏங்க திரும்பி வந்துச்சு?"

"அதான் எனக்கும் தெரியல. போகக் கூடாத முனை உள்ள போச்சு. போனது தெரிஞ்சுது. போச்சுன்னா என்ன பண்ணனும்னுதான்..." என்று நிறுத்தி, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அதான் வரல."

இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி தன் நோயைச் சொல்லி நான் கேட்டதில்லை. கண் பார்க்கிறது, கை உணர்கிறது, அதற்கு அர்த்தம் என்ன என்பது மட்டும் வரவில்லை. வகுப்பில் இதற்கு ஒரு பெயர் சொல்லி, கீழே இரண்டு கோடு போடச் சொல்வேன். வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? "கதை பேசாதீங்க, எழுதுங்க" என்றேன்.

எழுதினார். ஒரு வார்த்தை விட்டுப்போயிற்று. கிழித்துவிட்டு வேறு தாள் கொடுத்தேன். அடுத்ததில் ஒரு வரியையே இரண்டு தரம் எழுதிவிட்டார். அதையும் கிழித்தேன். ஐந்தாவது தாளில்தான் சரியாக வந்தது. இம்போசிஷன் எழுதும் மாணவியின் தலைக்கு மேல் நிற்பேனே, அப்படித்தான் நின்றேன்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு பெட்டி வந்தது. இரண்டாவது கடிதம். வாசகம் அதே வாசகம்தான். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை.

அதே சமயத்தில்தான் நாலாம் வருட மாணவிகளின் ப்ராஜெக்ட் வந்தது. ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு நான் வழிகாட்டி. தலைப்பும் நான் கொடுத்ததுதான்: நர்சிங் மாணவிகளுக்கு மறதி நோய் பற்றி எவ்வளவு தெரியும், அந்த நோயாளிகளைப் பற்றி அவர்கள் மனப்பான்மை எப்படி. கேள்வித்தாள் இரண்டு பகுதி. முதல் பகுதியில் சரி, தவறு என்று முப்பது கேள்விகள். இரண்டாவதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐந்து கட்டங்கள், முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் என்பதிலிருந்து முற்றிலும் மறுக்கிறேன் வரை. ஜூனியர்களிடம் கொண்டுபோவதற்கு முன் தங்கள் வகுப்பிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நானும் ஒன்றை வாங்கி நிரப்பினேன். 'இந்த நோய் முதியவர்களுக்கு மட்டுமே வரும்.' தவறு. 'என் குடும்பத்தில் ஒருவருக்கு இது வந்தால் வெளியே சொல்ல வெட்கப்படுவேன்.' முற்றிலும் மறுக்கிறேன். டிக் அடிக்கும்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

குழுவில் ஒரு பெண் நாட்றாம்பாளையம் பக்கத்திலிருந்து வந்தவள். அஞ்செட்டி தாண்டி மலைக்குள் இருக்கும் ஊர். வீட்டில் பாதி கன்னடம், பாதி தமிழ். ஆங்கிலத்தில் மருந்துப் பெயர் ஒன்றும் அவளுக்கு நிற்காது. முதல் பகுதியில் முப்பதுக்குப் பதினொன்று வாங்கியிருந்தாள், வகுப்பிலேயே அதுதான் குறைவு. இரண்டாவது பகுதி அதைவிட மோசம். 'இந்த நோயாளிகளுடன் இருப்பது பயமாக இருக்கும்': ஒப்புக்கொள்கிறேன். 'அவர்கள் மேல் கோபம் வரும்': ஒப்புக்கொள்கிறேன். 'வெளியே சொல்ல வெட்கப்படுவேன்': ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் வானத்திலிருந்து இறங்கி வந்த தேவதைகள் போல டிக் அடித்திருந்தார்கள்.

அவளை எழுப்பி நிறுத்தினேன். "நர்ஸாகப் போற பொண்ணு நீ. பேஷண்டைப் பாத்தா பயமா இருக்குன்னு எழுதலாமா?"

"பயமாத்தான் இருக்கும் மேடம்" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். முதலில் மனப்பான்மையை மாற்றிக்கொள் என்று சொல்லி உட்காரச் சொன்னேன். அந்தத் தாளில் உண்மையை எழுதியிருந்தவள் அவள் ஒருத்திதான் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பேரும் திருத்தம் வாங்க வீட்டுக்கு வந்தார்கள். மத்திகிரிப் பக்கம் எங்கள் லேஅவுட். எல்லா வீடும் ஒரே மாதிரி, ஒரே மாதிரி கேட். அவருக்கு அன்று லீவு. பிள்ளைகளுக்கு டீ போட வேண்டும் என்று பால் வாங்கக் கிளம்பினார். கடை தெருமுனையில்தான். நான் அட்டவணைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நேரம் போனதே தெரியவில்லை. அந்த நாட்றாம்பாளையத்துப் பெண் மட்டும் "இதோ வரேன் மேடம்" என்று எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது பால் பாக்கெட் அவள் கையில் இருந்தது. அவர் பின்னால் வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"இந்தப் பாப்பா நம்ம கம்பெனியா?" என்று என்னைக் கேட்டார்.

"என் ஸ்டூடண்ட்ஸுங்க. இப்பத்தான வந்தாங்க."

"அப்படியா. எந்த ஊரும்மா?"

"நாட்றாம்பாளையம் சார்" என்றாள் அவள்.

டீ குடிக்கும்போது மறுபடி எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். டம்ளரை வாங்கும்போது கேட்டார். சொன்னாள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்டது போலவே, அதே குரலில், அதே முகத்தோடு. முப்பதுக்கு முப்பது வாங்கிய மற்ற நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு மானமே போயிற்று. "எத்தனை வாட்டிங்க கேப்பீங்க? காது கேக்கலையா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இருந்தேன். பக்கத்து மேசையில் இன்னொரு மேடம் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். அந்த நாட்றாம்பாளையத்துப் பெண் ரெக்கார்டு நோட்டோடு வந்து நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நேத்து சார் ஃபோர்த் கிராஸ் தெருவுல இருந்தாரு மேடம். ஒவ்வொரு வீட்டு கேட்டா தொறந்து பாத்துனு இருந்தாரு. எங்க சித்தப்பாவும் இப்பிடித்தான். அவருக்கு அம்பதுகூட ஆவல. பேய் புடிச்சிருக்குன்னு கோயில் கோயிலா கூட்டினு போனாங்க. நாலு வருசம் கழிச்சித்தான் பெங்களூர்ல இந்த நோவுன்னு சொன்னாங்க. சாரை ஒருவாட்டி காட்டுங்க மேடம். இப்பவே காட்டிட்டா..."

பக்கத்து மேசையில் பேனா நின்றது. அவ்வளவுதான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "பதினொண்ணு மார்க் வாங்கின நீ எனக்கு டிமென்ஷியா சொல்லித் தர்றியா? ஸ்டாஃப் வீட்டுக்கு வந்து டீ குடிச்சிட்டு வேவு பாக்கறியா?" என்று கத்தினேன். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கும்வரை ரெக்கார்டில் கையெழுத்து இல்லை என்றேன். ரெக்கார்டில் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வு எழுத முடியாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நின்றபடியே எழுதினாள். ஆசிரியரின் குடும்பத்தைப் பற்றி அதிகப்பிரசங்கித்தனமாகப் பேசிவிட்டேன், மன்னிக்கவும். அதில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. சிவப்பு மையால் வட்டம் போட்டு, வேறு தாள் கொடுத்தேன். திரும்ப எழுதித் தந்தாள். ஃபைலில் வைத்தேன்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு வந்தேன். அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் வந்தது. வீட்டுக்குப் போனதும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, "சும்மா ஒரு கடிகாரம் வரைங்களேன், பிள்ளைங்களுக்குப் பாடத்துக்கு வேணும்" என்றேன். மறதி நோயைச் சோதிக்க நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் முதல் சோதனை அது. கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து வரைந்தார். வட்டம் நன்றாக வந்தது. பன்னிரண்டு எண்களையும் வலது பக்கத்திலேயே அடுக்கிவிட்டார். இடது பக்கம் வெறுமையாக இருந்தது. முள் போடவே இல்லை.

"சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு" என்றேன்.

இருபத்தாறு வருடம் அவர் செய்யாததை நான் ஒரு நொடியில் செய்தேன். தப்பு என்று தெரிந்தே பாஸ் பண்ணினேன். தாளை மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தேன். ஏன் என்று பின்னால் பல நாள் யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. மறதி நோய் மேடம் வீட்டிலேயே மறதி நோயா என்று ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள். அவ்வளவுதான் காரணம்.

மூன்றாவது பெட்டி வந்தது. இந்த முறை கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். நாற்பது வயசுக்காரர், நிதானமானவர். வீட்டுக்கு வந்து இவர் என்னிடம் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தெம்பு இருந்தது.

"உடம்புக்கு ஏதாவது பிரச்சினையான்னு கேட்டாரும்மா. இருந்தா சொல்லுங்க, டாக்டர்கிட்ட அனுப்பறோம், வேற வேலை மாத்தித் தரோம்ன்னாரு. என்னன்னு சொல்லட்டும்?"

என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தன்னிடம் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. அதற்குப் பெயர் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் என்னைக் கேட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றேன். மூன்றாவது கடிதத்தில் பழைய வாசகத்தோடு ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்தேன். எனக்கு உடல்நலத்தில் எந்தக் குறையும் இல்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன். அந்த ஒரு வரி அவருக்கு வரவே மாட்டேன் என்றது. எழுத எழுதத் தப்பாயிற்று. எத்தனை தாள் கிழித்தேன் என்று நினைவில்லை. அவருக்கு மறதி என்பார்கள், எனக்கு இது மட்டும் வசதியாக மறந்து போயிருக்கிறது.

அடுத்த மாதம் முடித்துவிட்டார்கள். மூன்று முறை கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தவரை வைத்திருக்க முடியாது, டிஸ்மிஸ் ஆர்டர் வாங்குவதைவிட நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அந்தத் தாளை மட்டும் அவர்களே டைப் அடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவையும் சேஃப்டி ஷூவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பிறகும் பல நாள் காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார். பழைய ஆட்கள் கைத்தாங்கலாக அழைத்து வந்து விடுவார்கள். என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து, மறைக்க முடியாமல் போன பிறகு, பெங்களூருக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். இப்போதுதான் என்றேன். "இல்லையே, இது மூணு வருஷமாவது ஆகியிருக்கணுமே" என்றவர், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். டீச்சர் என்றேன். எந்தப் பாடம் என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை என்று நினைத்தேன். அந்த நிமிஷத்திலும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அவர் கவனம் இல்லாதவர் என்று இருக்கும் பேரை, நோயாளி என்று மாற்ற வேண்டும். தப்பானதை விட்டால் தூக்கம் வராத மனுஷன். புதிதாகச் சேரும் பையன்களுக்கு அவர் விட்ட பெட்டியைக் காட்டி, கவனக்குறைவு என்றால் இதுதான் என்று பயிற்சி கொடுக்கிறார்களாம். கூட வேலை பார்த்த ஒருவர் சொல்லி, கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹெச்.ஆர். ரிப்போர்ட்டைப் பொறுமையாகப் படித்தார். பிறகு ஃபைலைத் திறந்து மூன்று கடிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். "வருத்தமா இருக்கு மேடம். ஆனா நாங்க கேட்டோமே. அப்பவே உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே டாக்டர்கிட்ட அனுப்பியிருப்போம். லேசான வேலை குடுத்து வச்சிருப்போம், மரியாதையா அனுப்பியிருப்போம். இதைப் பாருங்க" என்று மூன்றாவது கடிதத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார். "இது சாரோட கையெழுத்துத்தானே?"

"அவர் கையெழுத்துத்தான்" என்றேன்.

வாசகம் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் உதவாமல் போனதோடு நிற்கவில்லை, ஒரு மனுஷனின் நல்ல பேரையும் தின்றுவிட்டது.

போன மாதம் கல்லூரியில் பழைய ஃபைல்களைக் கழிக்கச் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் மன்னிப்புக் கடிதம் கைக்கு வந்தது. மேலே தேதி போட்டிருந்தாள். என் கணவரின் மூன்றாவது கடிதத்துக்கு ஆறு வாரம் முந்திய தேதி. ஆறு வாரம் இருந்திருக்கிறது எனக்கு. நம்பரைத் தேடிப் பிடித்து அவளுக்குப் போன் செய்தேன். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாளாம். என் குரலைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சார் எப்பிடி இருக்காரு மேடம்?"

சொன்னேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போன் செய்தேன். அதற்குள் அவள், "அன்னிக்கு இன்னொரு மேடம் முன்னாடி சொல்லிட்டன் மேடம், தனியா சொல்லியிருக்கணும், சாரி மேடம்" என்றாள். அதற்குப் பிறகு நான் என்ன சொல்ல? அவளேதான் பேசினாள். "அவருக்குப் பழகின வேலையா கையில குடுத்துப் பாருங்க மேடம். எங்க சித்தப்பாவுக்கு அம்மா கடலக்கா உரிக்கக் குடுத்துடும். உரிச்சுனே இருப்பாரு, பயம் போய்டும். சாருக்கு எழுத வந்தா எழுதச் சொல்லுங்க."

நேற்று காலை அவரை மேசையில் உட்காரவைத்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தேன். என் பெயர் அவருக்குப் போய் ஆறேழு மாதம் ஆகிறது. தன் பெயராவது எழுதுவாரா என்றுதான் நினைத்தேன். "என்ன தோணுதோ எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். எட்டிப் பார்த்தபோது குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கை நிதானமாக ஓடியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது.

குக்கரை இறக்கிவிட்டுத் திரும்பினால், அடுப்படி வாசற்படியில் தாளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே வரவில்லை. மேலதிகாரி அறைக்கு வெளியே நிற்பது போல முதுகை நேராக வைத்துக்கொண்டு நின்றார். வாங்கிப் பார்த்தேன்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, என்னுடைய கவனக்குறைவால் இத்தவறு நேர்ந்துவிட்டது. இனி இவ்வாறு நடக்காது என்று உறுதி கூறுகிறேன். எனக்கு உடல்நலத்தில் எந்தக் குறையும் இல்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை. மூளையில் எது முதலில் போகும், எது அடுத்து போகும் என்று பதினெட்டு வருடம் படம் போட்டுக் காட்டியவள் நான். எது கடைசிவரை நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, அவர் முகத்தில் பயம் வந்துவிட்டது.

"தப்பா இருக்கா மேடம்?" என்று கேட்டார். "வேற பேப்பர் குடுங்க. மறுபடி எழுதித் தரேன்."